மட்டையைச் சாய்த்தால் அதற்குத் தெரியுமா? வீ, மூவ், கினெக்ட், ஸ்விட்ச்: எது கையைச் சரியாகப் படிக்கிறது?

அஸ்தம்பட்டியான் | ஞாயிறு இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா முப்பது வருடம் அலுவலக மனமகிழ் மன்றத்தில் டேபிள் டென்னிஸ் ஆடியவர். போன வருடம் முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனது. ஓடி ஆட முடியாது, நின்ற இடத்தில் கையை வீசலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து சாயந்திரம் ஆனால் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். மன்றத்துக்குக் கூப்பிட்டாலும் வருவதில்லை. சும்மா நின்று பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

அதனால் வீட்டு ஹாலிலேயே ஆட வைக்கலாம் என்று கிளம்பினேன். நின்டென்டோ ஸ்விட்ச் என்னிடம் இருக்கிறது. சித்தப்பா மகனிடம் பழைய நின்டென்டோ வீ, கூடவே அதன் ரிமோட்டில் மாட்டும் மோஷன் ப்ளஸ் என்ற இணைப்பு. நண்பன் ஒருவன் பிளேஸ்டேஷன் 3, மூவ் கன்ட்ரோலர், கேமரா மூன்றையும் தந்தான். எக்ஸ்பாக்ஸ் 360, உடம்பசைவைப் பார்க்கும் கினெக்ட் கேமராவோடு, இன்னொரு வீட்டிலிருந்து வந்தது. ஒரு வாரம் எங்கள் ஹால் கன்சோல் கடை மாதிரி இருந்தது.

முதலில் வீ, மோஷன் ப்ளஸ் இல்லாமல், டென்னிஸ். அப்பா ஐந்து நிமிடத்தில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். கையை முழுதாக வீசினாலும் மணிக்கட்டை மட்டும் வெட்டினாலும் திரையில் ஏறக்குறைய ஒரே அடிதான். "இதுக்கு நான் எப்படி அடிக்கறேன்னு தெரியல, எப்போ அடிக்கறேன்னு மட்டும்தான் தெரியுது" என்றார். கன்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டார்.

அடுத்து மூவ், ஸ்போர்ட்ஸ் சாம்பியன்ஸ் டேபிள் டென்னிஸ். மட்டையைக் கொஞ்சம் சாய்த்துக் கீழிருந்து தடவினார். பந்து சுழன்று விலகிப் போனது. அவர் முகத்தில் வந்த மாற்றத்தை எழுதத் தெரியவில்லை. ஆனால் கால் மணி நேரம் போனதும் கை நேராக இருக்க, திரையில் மட்டை ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது.

எனக்கு வேண்டியது இதுதான். கேம் நன்றாக இருக்கிறதா, கிராஃபிக்ஸ் எப்படி என்பதெல்லாம் வேண்டாம். கை செய்வதைத் திரை எவ்வளவு உண்மையாகச் செய்கிறது? நான்கையும் அந்த ஒரு கோணத்தில் ஒப்பிட்டுச் சொல்ல முடியுமா?

---

லேத்துப்பட்டறை | ஞாயிறு இரவு 10:15

தம்பி, முதலில் ஒன்று. துல்லியம் என்று ஒரே வார்த்தையில் கேட்டால் பதில் கிடைக்காது. பட்டறையில் அப்படி யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒரே வேலையைப் பத்துத் தடவை அளந்தால் பத்துத் தடவையும் ஒரே அளவு காட்டுகிறதா என்பது ஒன்று. காட்டும் அளவு சரியான அளவா என்பது வேறு. மைக்ரோமீட்டரில் ஜீரோ தவறியிருந்தால் பத்துத் தடவையும் ஒரே மாதிரி, ஆனால் தப்பாகவே காட்டும். உங்கள் கேமுக்கு மூன்றாவதும் உண்டு: அளவு எவ்வளவு நேரம் கழித்துக் கைக்கு வருகிறது என்பது. இந்த மூன்றையும் பிரித்துக் கேளுங்கள்.

அப்பா சொன்ன வாக்கியம் ரொம்பச் சரி. எப்போது என்பதும் எப்படி என்பதும் வேறு வேறு அளவுகள்.

---

மூன்றாம்_வளைவு | திங்கள் காலை 7:05

லேத்து அண்ணன் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். சென்சார் சில்லுகளோடுதான் வேலை.

2006-இல் வந்த வீ ரிமோட்டுக்குள் கையசைவுக்காக இருந்தது முடுக்கமானி ஒன்றுதான், அதாவது ஆக்சிலரோமீட்டர். அனலாக் டிவைசஸ் தயாரித்த ஏடிஎக்ஸ்எல்330. மூன்று அச்சு, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 3ஜி வரை, அதாவது புவியீர்ப்பைப் போல மூன்று மடங்கு வரை அளக்கும். பெரியவர் ஒருவர் நன்றாக ஸ்மாஷ் அடித்தால் அந்த 3ஜி தாண்டிவிடும். தாண்டியபின் சில்லுக்கு 4-ம் ஒன்றுதான், 7-ம் ஒன்றுதான். முழு வீச்சும் மணிக்கட்டு வெட்டும் ஒரே அடியாகத் தெரிந்ததற்கு இது ஒரு காரணம்.

பெரிய காரணம் வேறு. முடுக்கமானிக்குப் புவியீர்ப்பும் கையின் வேக மாற்றமும் கலந்தேதான் தெரியும். அசையாமல் பிடித்தால் புவியீர்ப்பு மட்டும் இருக்கும், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அழகாகச் சொல்லிவிடும். வீச ஆரம்பித்த நொடியில் இரண்டும் கலந்துவிடும், பிரிக்க வழியில்லை. அப்போது கேம் "ஏதோ பலமாக வீசினார்கள்" என்று மட்டும் எடுத்துக்கொண்டு, முன்பே வரைந்து வைத்த அடியைக் காட்டும்.

சரி, முடுக்கத்திலிருந்து இடத்தைக் கணக்குப் போட்டால் என்ன? போடலாம், இரண்டு தடவை தொகையீடு செய்ய வேண்டும், அதாவது கணத்துக்குக் கணம் வரும் அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பிழையும் கூடவே தொகையாகும். வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 0.01 மீட்டர் கூடுவதாக மட்டும் அளவில் தப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 நொடியில் கை அரை மீட்டர் தள்ளிப் போய்விட்டதாகக் கணக்கு காட்டும். கை அசையவே இல்லாமல்!

அதனால்தான் 2009-இல் மோஷன் ப்ளஸ் வந்தது. அதில் இருப்பது ஜைரோ. எந்த வேகத்தில் திரும்புகிறது என்று நேரடியாக அளக்கும். ஒரே ஒரு தொகையீட்டில் கோணம் கிடைத்துவிடும். சித்தப்பா மகனிடம் வீ ஸ்போர்ட்ஸ் ரிசார்ட் இருக்கிறதா பாருங்கள், அதிலும் டேபிள் டென்னிஸ் உண்டு. அதில் மட்டையின் சாய்வு தெரியும். 2011-இல் வந்த ஸ்கைவர்டு ஸ்வோர்டு என்ற வீ ஆட்டம் மோஷன் ப்ளஸ் இல்லாமல் ஓடவே ஓடாது. வாளை எந்தக் கோணத்தில் வெட்டுகிறோம் என்பதை வைத்தே அந்த ஆட்டம் கட்டப்பட்டிருக்கிறது.

---

தட்டுவடைசெட் | திங்கள் காலை 8:30

ஜைரோ அவ்வளவு நல்லது என்றால், மூவில் மட்டை ஏன் திரும்பி நின்றது? அதிலும் ஜைரோ இருக்கிறதே அக்கா?

---

மூன்றாம்_வளைவு | திங்கள் மதியம் 1:20

நல்ல கேள்வி. அடிவாரத்திலிருந்து ஏற்காடு பஸ்ஸில் கண்ணை மூடி உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் உடம்பு திரும்புவது தெரியும். இடதா வலதா, வேகமாகவா மெதுவாகவா, எல்லாம் தெரியும். 20 வளைவும் முடிந்து இறங்கியதும் கண்ணைத் திறக்காமல் வடக்கு எது என்று கேட்டால்? ஒவ்வொரு வளைவிலும் விட்ட சின்னச் சின்னத் தப்பு சேர்ந்து எங்கோ கை காட்டுவீர்கள். ஆனால் பஸ் மேட்டில் ஏறுகிறதா, பக்கமாகச் சாய்கிறதா என்பது கடைசி வரை தெரியும். புவியீர்ப்பு அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

ஜைரோவும் அப்படியே. மேல் கீழ்ச் சாய்வு, பக்கச் சாய்வு இரண்டையும் முடுக்கமானி அவ்வப்போது திருத்திவிடும். இடம் வலமாகத் திரும்புவதைத் திருத்தப் புவியீர்ப்பால் முடியாது. நொடிக்கு 0.1 பாகை தப்பு என்றால் நிமிடத்துக்கு 6 பாகை. வெளியே ஏதாவது ஓர் அடையாளம் வேண்டும். அந்த அடையாளத்துக்கு யார் எதைப் பிடித்தார்கள் என்பதில்தான் இந்த நான்கு கன்சோலும் பிரிகின்றன.

---

கோலப்பொடி | திங்கள் மதியம் 3:10

வீக்கு அந்த அடையாளம் டிவிமேல் வைக்கும் சென்சார் பார்தானே? எங்கள் வீட்டில் ஒரு அனுபவம் சொல்கிறேன். கார்த்திகை அன்று டிவி பக்கத்து மாடத்தில் அகல் ஏற்றி வைத்திருந்தோம். பையன் விளையாட உட்கார்ந்தான். திரையில் கை அடையாளம் குதியோ குதி. விளக்கை அந்தப் பக்கம் எடுத்து வைத்ததும் நின்றுவிட்டது. காரணம் அப்போது புரியவில்லை.

---

மூன்றாம்_வளைவு | திங்கள் மதியம் 3:45

அக்கா, பெயரில் சென்சார் இருந்தாலும் அந்தப் பட்டை எதையும் உணர்வதில்லை. இரண்டு முனையிலும் அகச்சிவப்பு எல்ஈடிகள் இருக்கின்றன, அவ்வளவுதான். கேமரா இருப்பது ரிமோட்டின் மூக்கில். நொடிக்கு 100 தடவை அந்த இரண்டு ஒளிப்புள்ளிகளைப் பார்க்கிறது. புள்ளிகள் எங்கே தெரிகின்றன என்பதை வைத்து எங்கே காட்டுகிறோம் என்றும், அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளியை வைத்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்றும் கணக்கிடும். விளக்குச் சுடரிலும் அகச்சிவப்பு நிறைய இருக்கிறது. உங்கள் அகல் மூன்றாவது புள்ளியாகிவிட்டது.

இதையே திருப்பிப் போடலாம். பட்டையை எடுத்துவிட்டு ஒரு சாண் இடைவெளியில் இரண்டு அகல் வைத்தால் வீ அதையே சென்சார் பார் என்று எடுத்துக்கொள்ளும். திரைச்சீலை பக்கத்தில் மட்டும் செய்ய வேண்டாம்.

---

செவ்வாய்ப்பேட்டை_வெள்ளி | திங்கள் மாலை 6:00

டிவிக்குக் கீழே கண்ணாடி போட்ட ஷோகேஸ், உள்ளே எவர்சில்வர் பாத்திரம் என்று இருந்தாலும் இதே தொல்லை வரும். பளபளப்பில் எல்ஈடி பிரதிபலித்துக் கூடுதல் புள்ளியாகத் தெரியும். ஒரு துணியைப் போட்டு மூடினால் போதும். எங்கள் பட்டறையில் கொலுசு பாலிஷ் போட்டு வைக்கும் மேசைக்கு எதிரே டிவி. ஆடும் நாளில் வெள்ளியை எடுத்து வைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்போம்.

இன்னொன்று: காட்டுவதில் வீயை அடிக்க இன்றைக்கும் ஆள் இல்லை என்பது என் எண்ணம். எங்கே காட்டுகிறாயோ அங்கே நிற்கும். ஒரு மணி நேரம் ஆனாலும் விலகாது. வெளியே நிலையாக ஒரு புள்ளி இருக்கிறது அல்லவா.

---

சூரமங்கலம்67 | திங்கள் இரவு 8:20

மூவ் கன்ட்ரோலரில் திசைகாட்டி மாதிரி காந்தமானி இருக்கிறது என்று படித்தேன். நம் சேலத்தில் கஞ்சமலை முழுக்க இரும்புத் தாது, அதுவும் காந்தத் தாது. இந்தப் பக்கம் மேக்னசைட் சுரங்கம். அஸ்தம்பட்டியார் வீட்டில் மட்டை திரும்பியதற்கு இதுதான் காரணமாக இருக்குமோ?

---

லேத்துப்பட்டறை | திங்கள் இரவு 8:50

மேக்னசைட்டை விட்டுவிடுங்கள் சார். பெயர்தான் அப்படி. அது மக்னீசியம் கார்பனேட், வெள்ளைக்கல். காந்தத்தில் ஒட்டாது. கஞ்சமலைத் தாது காந்தத் தாதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அஸ்தம்பட்டியில் இருக்கும் ஹாலுக்கு அது எத்தனை கிலோமீட்டர்? காந்தத்தின் பலம் தூரம் கூடக் கூட மிக வேகமாகக் குறைந்துவிடும். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரும்பு பீரோ இருக்கிறதா தம்பி?

---

அஸ்தம்பட்டியான் | திங்கள் இரவு 9:05

இருக்கிறது அண்ணா. டிவிக்கு இடது பக்கம், அப்பா நிற்கும் இடத்திலிருந்து இரண்டடி. பீரோமேல் பழைய ஸ்பீக்கர் இரண்டு.

---

மூன்றாம்_வளைவு | திங்கள் இரவு 9:30

பிடித்துவிட்டோம் என்று நினைக்கிறேன்.

மூவ் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன், இந்த நான்கில் எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது. 2010-இல் வந்தது. நுனியில் ஒளிரும் உருண்டை. உருண்டை ஏன்? எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் வட்டமாகவே தெரியும் வடிவம் அது ஒன்றுதான். அதன் உண்மையான அளவு கன்சோலுக்குத் தெரியும். படத்தில் வட்டம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதிலிருந்து தூரத்தைக் கணக்கிட்டுவிடும். இரண்டு மடங்கு தள்ளி நின்றால் வட்டத்தின் அகலம் பாதி. அறையில் இல்லாத நிறமாகப் பார்த்து உருண்டை தன் நிறத்தை மாற்றிக்கொள்ளும், சுவர் நிறத்தோடு குழம்பாமல் இருக்க.

ஆக, கை எங்கே இருக்கிறது என்பதைக் கேமரா பார்த்துச் சொல்கிறது. எந்தத் தொகையீடும் இல்லை, பிழை சேராது. கை எப்படித் திரும்பியிருக்கிறது என்பது ஜைரோ, முடுக்கமானி, காந்தமானி மூன்றும் சேர்ந்து சொல்வது. அப்பா கையைப் பின்னால் இழுக்கும்போது உருண்டை உடம்புக்குப் பின்னால் மறைந்தாலும் அந்தக் கணநேரத்தை ஜைரோ பார்த்துக்கொள்ளும்.

இடம் வலத் திருப்பத்தைத் திருத்துவதில் காந்தமானிக்குப் பெரிய பங்கு. அதில் நமக்கு ஒரு நல்ல காலமும் உண்டு. காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனைக்கு அருகே போகிறது. அதனால் சேலத்தில் புவிக்காந்தம் ஏறக்குறைய கிடைமட்டமாகவே இருக்கிறது. திசைகாட்டிக்குக் கிடைமட்டப் பகுதிதான் வேண்டும். ஐரோப்பாவில் அதன் பெரும்பகுதி தரைக்குள் சரிந்து போய்விடும், நமக்கு ஏறக்குறைய முழுசாகக் கிடைக்கிறது. ஆனால் அந்தப் புலமே சுமார் 40 மைக்ரோடெஸ்லாதான். இரண்டடியில் இரும்பு பீரோ, மேலே காந்தம் வைத்த ஸ்பீக்கர் என்றால் அது எங்கே நிற்கும்? கை பீரோ பக்கம் போகும்போதெல்லாம் வடக்கு வேறு பக்கம் போய்விடுகிறது.

பீரோவை நகர்த்த முடியுமா பாருங்கள். முடியாவிட்டால் ஸ்பீக்கரையாவது.

---

பி.டி.வாத்தியார் | செவ்வாய் காலை 6:10

எல்லோரும் கினெக்டை மறந்துவிட்டீர்கள். நான் அதற்காகப் பேச வந்தேன்.

கையில் எதுவும் வேண்டாம். நிற்பது, குனிவது, கை தூக்குவது எல்லாவற்றையும் பார்க்கிறது. 2010-இல் வந்தபோது முதல் 60 நாளில் 80 லட்சம் விற்றது. பிரைம்சென்ஸ் என்ற இஸ்ரேல் நிறுவனத்தின் தொழில்நுட்பம். அகச்சிவப்புப் புள்ளிகளைக் கோலப் புள்ளி வைப்பது போல அறை முழுக்கத் தெளித்து, புள்ளிகள் எப்படி இடம் மாறி விழுகின்றன என்பதிலிருந்து ஆழத்தைக் கணக்கிடும். ஒருவரிடம் 20 மூட்டுகளைத் தொடரும். முழங்கால் சரியாக வேண்டியவருக்கு இதைவிட நல்லது எது? மூவுக்கு முழங்கால் இருப்பதே தெரியாது.

எங்கள் வீட்டில் என் அம்மா கினெக்ட் முன்னால் நின்றுதான் மறுபடி கையை முழுதாகத் தூக்கப் பழகினார். துல்லியம் குறைவு என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

---

தட்டுவடைசெட் | செவ்வாய் காலை 8:00

சார், உடற்பயிற்சிக்கு நீங்கள் சொல்வது சரி. டேபிள் டென்னிஸுக்கு? கினெக்ட் நொடிக்கு 30 படம்தான் எடுக்கிறது என்றால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் 33 மில்லி விநாடி. அதற்கப்புறம் உடம்பைக் கண்டுபிடிக்கும் கணக்கு வேறு. மூவின் கேமரா நொடிக்கு 60 படம்.

---

மூன்றாம்_வளைவு | செவ்வாய் காலை 9:15

வேகம் மட்டும் இல்லை. கினெக்டுக்கு மணிக்கட்டு ஒரு புள்ளி. அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று சொல்லும். உள்ளங்கை மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்று அந்த 20 மூட்டிலிருந்து சொல்ல முடியாது. அப்பா மட்டையைச் சாய்ப்பது அதற்குத் தெரியவே தெரியாது. ஆனால் வாத்தியார் சார் சொன்னதில் உண்மை இருக்கிறது. முழு உடம்பும் எங்கே இருக்கிறது என்று கேட்டால் மற்ற மூன்றும் வாயே திறக்காது. எந்தக் கேள்விக்கு எது பதில் சொல்கிறது என்பதுதான் விஷயம்.

2013-இல் வந்த இரண்டாம் கினெக்ட் வேறு முறை. ஒளி போய்த் திரும்பும் நேரத்தை வைத்து ஆழம், 512க்கு 424 புள்ளிகள், 25 மூட்டுகள். முதலாவதைவிடத் தெளிவு அதிகம்.

---

பி.டி.வாத்தியார் | செவ்வாய் மதியம் 12:40

மட்டைச் சாய்வு பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன் அம்மா. நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை.

கினெக்ட் வைப்பவர்களுக்கு நான் பட்டறிந்த மூன்று விஷயம். ஒருவர் ஆட ஆறடி, இருவர் ஆட எட்டடி தள்ளி நிற்க வேண்டும், நம் ஊர் ஹாலில் சோபாவை எடுத்தால்தான் அந்த இடம் கிடைக்கும். மேற்கு ஜன்னல் வெயில் நேராக உள்ளே விழுந்தால் புள்ளிகள் வெயிலில் கரைந்துவிடும், திரைச்சீலை போடுங்கள். அப்புறம் வேட்டி. வேட்டி கட்டி நின்றால் இரண்டு காலும் ஒரே தூணாகத் தெரிந்து முழங்கால் எங்கே என்று தடுமாறும். புடவைக்கும் அதே. அம்மா சுடிதார் போட்டுக்கொண்டுதான் ஆடுவார்.

---

காபிக்காடு | செவ்வாய் இரவு 10:00

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். ஸ்விட்சைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. நான் ஸ்ப்ளட்டூன் என்ற சுடும் ஆட்டம் ஆடுகிறேன், குறி வைப்பது முழுக்க ஜைரோவில்தான். ஸ்டிக்கில் குறி வைக்கிறவர்களோடு ஒப்பிட்டால் கையால் குறி வைப்பது எவ்வளவோ நுணுக்கம். வீயில் இருந்த மாதிரி பட்டை இல்லை, மூவில் இருந்த மாதிரி உருண்டை இல்லை, கேமரா இல்லை. ஆனாலும் விலகலே தெரிவதில்லை. அது எப்படி?

---

மூன்றாம்_வளைவு | செவ்வாய் இரவு 10:40

விலகல் இருக்கிறது, உங்கள் கை அதைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. அவ்வளவுதான்.

ஸ்விட்சின் கன்ட்ரோலரான ஜாய்கானில் ஜைரோவும் முடுக்கமானியும் உண்டு. ஐந்து மில்லி விநாடிக்கு ஒரு அளவு எடுத்து, மூன்று மூன்றாகக் கட்டி அனுப்புகிறது என்று உள்ளே ஆராய்ந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். வேகம் பற்றிக் குறை சொல்ல முடியாது. வலது ஜாய்கானின் அடியில் அகச்சிவப்புக் கேமரா ஒன்று இருக்கிறது, ஆனால் அது டிவியைப் பார்ப்பதற்கு இல்லை.

ஸ்ப்ளட்டூனில் "இங்கிருந்து இரண்டு விரல்கடை வலது" என்றுதான் கை சொல்கிறது. திரையில் குறி எங்கே இருக்கிறது என்று கண் பார்க்கிறது, கை மிச்சத்தைச் சரி செய்கிறது. மெதுவாக ஒரு பாகை நகர்ந்தால் நமக்கே தெரியாமல் திருத்திவிடுவோம். கொஞ்சம் அதிகமானால் பட்டனை அழுத்தி நடுவுக்குக் கொண்டு வருவோம். டேபிள் டென்னிஸ் மட்டையில் அந்த வசதி கிடையாது. மட்டை கையின் நீட்சி. அது ஐந்து பாகை திரும்பியிருந்தாலே ஆடினவருக்குத் தெரிந்துவிடும். அப்பாவுக்குத் தெரிந்தது அதனால்தான்.

ஸ்கைவர்டு ஸ்வோர்டில் இதைப் பார்க்கலாம். வீயில் பட்டை இருந்தும் அந்த ஆட்டம் காட்டுவதற்குப் பட்டையைப் பயன்படுத்தாமல் ஜைரோவையே நம்பியது. நடுநடுவே பட்டனை அழுத்தி நேராக்க வேண்டியிருக்கும். 2021-இல் அதை ஸ்விட்சுக்குக் கொண்டுவந்தபோது அப்படியே ஒட்டிக்கொண்டது, ஏனென்றால் முதலிலேயே அது வெளி அடையாளத்தை நம்பவில்லை.

பிளேஸ்டேஷன் 4, 5 கன்ட்ரோலர்களிலும் ஜைரோ உண்டு. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் இதுவரை சேர்க்கவில்லை, அது எனக்குப் பெரிய வருத்தம்.

---

காபிக்காடு | புதன் காலை 7:30

இப்போது புரிகிறது. இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். சேலத்திலிருந்து விருந்தாளிகள் கன்ட்ரோலர் கொண்டுவந்து இங்கே ஆடினால் முதல் பத்து நிமிடம் குறி தானாக மெல்ல ஒரு பக்கம் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. என் சொந்தக் கன்ட்ரோலர் அப்படிச் செய்வதில்லை. மார்கழியில் இது அதிகம்.

---

மூன்றாம்_வளைவு | புதன் காலை 8:00

குளிர்! ஜைரோவுக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய சிலிக்கான் எடை, அதிர்ந்துகொண்டே இருக்கும். வெப்பம் மாறினால் அதன் ஜீரோ மாறும். சேலத்து வெயிலில் ஜீரோ பிடித்த கன்ட்ரோலரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில் பனிக்குள் கொண்டுபோனால் அசையாமல் இருக்கும்போதே "மெதுவாகத் திரும்புகிறேன்" என்று சொல்லும். எல்லா நிறுவனத்தின் ஜைரோவுக்கும் இது பொது. லேத்து அண்ணன் சொன்ன மைக்ரோமீட்டர் ஜீரோதான்.

வந்ததும் ஆட வேண்டாம். கொஞ்ச நேரம் கையில் வைத்து அந்த அறையின் சூட்டுக்கு வரவிடுங்கள். அப்புறம் ஆடாத மேசைமேல் படுக்க வைத்து, அமைப்புகளில் மோஷன் கேலிப்ரேஷன், அதாவது ஜீரோவைச் சரிசெய்வது, செய்யுங்கள். அப்போது மேசையை யாரும் தொடக் கூடாது.

---

லேத்துப்பட்டறை | புதன் காலை 8:25

எங்கள் பக்கமும் அதேதான். காலையில் முதல் ஒரு மணி நேரம் ஓடிச் சூடான பிறகுதான் மெஷினில் கடைசி அளவு எடுப்போம்.

---

தட்டுவடைசெட் | புதன் மதியம் 2:00

தாமதத்தைப் பற்றி இன்னும் பேசவில்லை. நான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். செல்போனில் ஸ்லோமோஷன், நொடிக்கு 240 படம். கையும் டிவியும் ஒரே படத்தில் தெரியும்படி வைத்துக் கையை வெடுக்கென்று அசைக்க வேண்டும். பிறகு கை அசைந்த படத்திலிருந்து திரை அசைந்த படம் வரை எண்ண வேண்டும். ஒவ்வொரு படமும் நாலு மில்லி விநாடிக்குக் கொஞ்சம் மேல். 24 படம் வந்தால் 100 மில்லி விநாடி.

நான்கு கன்சோலையும் இப்படிப் பார்க்கத்தான் ஆரம்பித்தேன். முதல் நாளே தெரிந்துவிட்டது: டிவியில் கேம் மோடு போடாமல் விட்டால் கன்சோல்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைத் தேடுவதே வீண். டிவி படத்தை மெருகேற்றுகிறேன் என்று எடுத்துக்கொள்ளும் நேரத்தில் எல்லாம் மூழ்கிவிடுகிறது. கேம் மோடு போட்ட பிறகுதான் கினெக்ட் பின்தங்குவதும் மற்ற மூன்றும் நெருங்கி நிற்பதும் கண்ணுக்குத் தெரிந்தது.

டேபிள் டென்னிஸ் மேசை 2.74 மீட்டர் நீளம். பந்து நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வந்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 270 மில்லி விநாடிதான். அதில் 100 போய்விட்டால் அப்பா என்ன செய்வார்?

அஸ்தம்பட்டி அண்ணா, உங்கள் டிவியில் கேம் மோடு போட்டிருக்கிறதா?

---

அஸ்தம்பட்டியான் | புதன் மாலை 5:50

போடவில்லை தம்பி. அப்படி ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரியும்.

---

கோலப்பொடி | புதன் இரவு 7:15

இப்போது தலையில் மாட்டும் வி.ஆர். கருவிகளில் டேபிள் டென்னிஸ் நிஜம் மாதிரியே இருக்கிறது என்கிறார்களே, அதையும் பார்க்கலாமே?

---

மூன்றாம்_வளைவு | புதன் இரவு 7:40

துல்லியம் என்று மட்டும் பார்த்தால் அதுதான் முன்னே நிற்கிறது அக்கா. கேமராக்கள் தலைக்கருவியிலேயே இருக்கின்றன. 2023-இல் வந்த பிளேஸ்டேஷன் வி.ஆர். 2-இல் நான்கு கேமரா கன்ட்ரோலரைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆனால் முழங்கால் அறுவை ஆனவர் கண்ணை முழுக்க மூடிக்கொண்டு நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எதிலாவது இடறினால்? இந்த வீட்டுக்கு வேண்டாம்.

---

அஸ்தம்பட்டியான் | சனி இரவு 10:30

மூன்று நாளாக எழுத முடியவில்லை. இப்போது எல்லாவற்றையும் சொல்கிறேன்.

வியாழக்கிழமை நானும் பக்கத்து வீட்டுப் பையனும் சேர்ந்து பீரோவை நகர்த்தினோம். ஸ்பீக்கரை மொட்டைமாடி அறையில் போட்டாகிவிட்டது. டிவியில் கேம் மோடு. மேற்கு ஜன்னலுக்குத் திரைச்சீலை. கேமராவைத் தட்டுக்குக் கீழே ஆடாமல் ஒட்டி வைத்தேன், அதன் லென்ஸை அகலப் பார்வைக்குத் திருப்பினேன், ஹால் சின்னது என்பதால். ஆரம்பத்தில் கேட்கும் கேலிப்ரேஷனை நானே நின்று செய்யாமல் அப்பாவை அவர் நிற்கும் இடத்திலேயே நின்று செய்ய வைத்தேன்.

முதலில் வீயில் ரிசார்ட் டேபிள் டென்னிஸ், மோஷன் ப்ளஸ்ஸோடு. அப்பாவுக்குப் பிடித்தது. சாய்வு தெரிகிறது என்றார். ஆனால் கையை முன்னே நீட்டினாலும் பின்னே இழுத்தாலும் மட்டை அதே இடத்தில் இருக்கிறது என்று அரை மணியில் கவனித்துவிட்டார். அக்கா சொன்ன கணக்கு அப்படியே: கோணம் தெரிகிறது, இடம் தெரியவில்லை.

அப்புறம் மூவ். ஒரு மணி நேரம் ஆடினார். நடுவில் ஒரு தடவைகூட மட்டை திரும்பவில்லை. வலைக்குப் பக்கத்தில் விழுந்த பந்துக்குக் கையை நீட்டினார், திரையில் மட்டையும் நீண்டது. அப்போது சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

நாற்காலியைப் பின்னால் போட்டு வைத்திருக்கிறேன், கால் வலித்தால் உட்கார. கினெக்டையும் திருப்பித் தரவில்லை. வாத்தியார் சார் சொன்னபடி காலையில் பத்து நிமிடம் கால் பயிற்சி, வேட்டி இல்லாமல் டிராக் பேண்ட் போட்டுக்கொண்டு. ஸ்விட்ச் எனக்கு, ஏற்காடு போகும்போது.

நேற்று அலுவலக நண்பர் ஒருவர் அப்பாவைப் பார்க்க வந்தார். ஆடிப் பார்க்கிறீர்களா என்று அப்பாவே கேட்டார். இருவரும் ஒன்பது மணி வரை ஆடினார்கள். பழைய மன்றத்தில் அவர் எப்போதும் செய்யும் கள்ள சர்வீஸ் ஒன்று உண்டாம், பந்து இடது பக்கம் வெட்டித் திரும்பும். அதை இதில் போட முடிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பதினோராவது தடவை வந்தது.

---

பி.டி.வாத்தியார் | சனி இரவு 10:50

மனது நிறைந்துவிட்டது. காலைப் பயிற்சியில் முழங்காலை முழுதாக மடக்க வேண்டாம், டாக்டர் சொன்ன அளவுக்கு மட்டும்.

---

லேத்துப்பட்டறை | சனி இரவு 11:05

சந்தோஷம் தம்பி. பீரோவை எந்தச் சுவருக்குக் கொண்டுபோனீர்கள்?

---

அஸ்தம்பட்டியான் | சனி இரவு 11:10

கிழக்குச் சுவர் அண்ணா. அப்பா நிற்கும் இடத்திலிருந்து ஒன்பதடி.